காலி செய்த வீட்டுக்கு அட்வான்ஸில் 85,500 பிடித்தம்: எது என் தலையில், எது ஓனர் தலையில்?

குரோம்பேட்டை வாசி

சென்னையில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். வாடகை 18,000, அட்வான்ஸ் 1,00,000. 4 வருடம் 2 மாதம் குடியிருந்து, பத்து நாள் முன்பு காலி செய்து சாவி கொடுத்தாயிற்று. இப்போது ஓனர் அனுப்பியிருக்கும் கணக்கு இது:

வீடு முழுக்க பெயிண்ட் 38,000. பாத்ரூம் ஓதம் கீழ்வீட்டு சீலிங்கில் இறங்கியதற்கு 22,000. சமையல் மேடை கிரானைட் விரிசல் 9,000. கீசர் புதிது 7,500. வாஷ் பேசின் விரிசல் 4,500. ஜன்னல் கொசுவலை 3,000. ஏசி குழாய்க்குப் போட்ட ஓட்டையை அடைக்க 1,500. மொத்தம் 85,500 போக, கைக்கு 14,500.

ஒப்பந்தம் 11 மாதத்துக்கு ஒன்றாகப் புதுப்பித்தது, எங்கும் பதிவு செய்யவில்லை. அதில் "இயல்பான தேய்மானம் நீங்கலாக, பெற்றுக்கொண்ட நிலையிலேயே ஒப்படைக்க வேண்டும்" என்று ஒரு வரி இருக்கிறது. பெயிண்டைப் பற்றித் தனியாக ஒன்றும் இல்லை. குடிவந்தபோது அப்போதுதான் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஹாலில் இரண்டு சுவரில் பிள்ளை கிரையான் கிறுக்கல் இருப்பது உண்மை. ஏசி ஓட்டை நாங்கள் போட்டது, ஓனருக்குத் தெரியும். கீசர் நாங்கள் வரும்போதே பழசு, ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். பாத்ரூம் ஓதத்தை வாட்ஸ்அப்பில் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். "ஆள் அனுப்புறேன்" என்று பதில் வந்தது, ஆள் வரவில்லை.

எதை ஒப்புக்கொள்வது, எதை மறுப்பது?

---

பத்திரக்காரர்

முதலில் சட்டம், ஏனென்றால் இரண்டு பக்கமும் இதில் தப்பாகவே பேசுவார்கள்.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 15-ஆம் பிரிவும் இரண்டாம் அட்டவணையும்தான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, கட்டட அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய் மாற்றுவது, மின் வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், குழாய், சாக்கடை அடைப்பு, கழிப்பறைக் கோப்பை, வாஷ் பேசின், கீசர் ரிப்பேர், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, கைப்பிடி, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. வாடகைதாரர் சேதப்படுத்தியதால் வந்த கட்டடப் பழுது என்றால் அது இந்தப் பக்கம் திரும்பிவிடும்.

இங்கே "வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை" என்பதைக் கவனியுங்கள். "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டுக்குப் பிடிக்கப்படும்" என்று சென்னை ஒப்பந்தங்களில் எழுதுவது சகஜம். அதில் கையெழுத்துப் போட்டிருந்தால், அட்டவணையைக் காட்டிப் பெயிண்ட் செலவிலிருந்து தப்புவது கஷ்டம். உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை என்பதுதான் உங்களுக்கு இருக்கும் பெரிய பலம்.

அடுத்தது, "11 மாதம்தானே, பதிவு வேண்டாம்" என்ற பழைய கதை. சார்பதிவாளரிடம் பதிவு என்பது வேறு. 2017 சட்டப்படி எத்தனை மாத வாடகையானாலும் எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தத்தை ஆதாரமாக நீட்டும்போது இரண்டு பேருக்குமே சிக்கல் வரும். அது உங்கள் கழுத்தை மட்டும் பிடிக்கும் கயிறு இல்லை, ஓனருக்கும் அதே நிலைமைதான். ஆகவே அவரும் நீதிமன்றம்வரை போக ஆசைப்பட மாட்டார்.

ஒப்பந்தத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் 108-ஆம் பிரிவு (எம்) உட்பிரிவு இதையேதான் சொல்கிறது. நியாயமான தேய்மானமும் தடுக்க முடியாத சக்தியால் வந்த மாற்றமும் நீங்கலாக, பெற்ற நிலையில் திருப்பித் தர வேண்டும். 2017 சட்டத்தில் குடியிருப்பவருக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது, பலர் அதைப் படிப்பதில்லை: வீட்டில் சேதம் ஏற்பட்டால் கூடிய சீக்கிரம் வீட்டுக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த இரண்டு வாட்ஸ்அப் செய்திகள் அதனால்தான் முக்கியம். அழித்துவிடாதீர்கள்.

அட்வான்ஸைத் திருப்பித் தர, காலி செய்ததிலிருந்து ஒரு மாதம் அவகாசம் (11-ஆம் பிரிவு). வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரலாம். பத்து நாள்தான் ஆகியிருக்கிறது. இப்போதே வக்கீல் நோட்டீஸ் என்று குதிக்க வேண்டாம்.

---

கொத்துவேலை

சட்டத்தை அவர் சொல்லிவிட்டார். ஒவ்வொரு சேதமும் எதனால் வந்தது என்பதை அந்தச் சேதமே காட்டிக்கொடுக்கும். ஓனரிடம் பேசப் போகும் முன் இதைப் பாருங்கள். சாவி கொடுத்துவிட்டதால் காலி செய்த அன்று எடுத்த வீடியோவிலாவது பாருங்கள்.

பாத்ரூம் ஓதம்தான் பெரிய தொகை. கீழ்வீட்டு சீலிங் எப்போதும் ஈரமாக இருக்கிறதா, மேலே குளித்த பிறகு மட்டும் நனைகிறதா? நீங்கள் காலி செய்து பத்து நாள் யாரும் புழங்காத பிறகும் சொட்டினால், மேல்தொட்டியிலிருந்து வரும் குழாயில் கசிவு. சுவருக்குள் ஓடும் சிபிவிசி (பிளாஸ்டிக்) குழாயின் ஜாயின்ட் விட்டிருக்கும். புழங்காதபோது காய்ந்துவிட்டால் கழிவு நீர்ப் பக்கம் அல்லது தரை. அதைப் பிரித்தறிய, நஹானி ட்ராப்பை, அதாவது தரையில் தண்ணீர் வடியும் ஓட்டையை, துணி, பந்து ஏதாவது வைத்து இறுக்கி அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட வேண்டும். கீழே நனைந்தால் தரை வாட்டர்ப்ரூஃபிங் போய்விட்டது. நனையவில்லையா, அடைப்பை எடுத்து, சாயம் கலந்த தண்ணீரை வடிகாலில் ஊற்றிப் பாருங்கள். கீழே சாயம் தெரிந்தால் ட்ராப்பைச் சுற்றியுள்ள ஜாயின்ட் அல்லது வெளியேறும் குழாய். இந்த மூன்றில் எதுவானாலும் கட்டடப் பழுது, ஓனர் கணக்கு.

குடியிருப்பவர் மாட்டுவது எப்போது? டவல் கம்பி மாட்ட டிரில் போட்டு உள்ளே ஓடும் குழாயைத் துளைத்திருந்தால். அது உடனே தெரியாது. திருகாணியே துளையை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மெல்லக் கசியும். டிரில் போட்ட இடத்துக்கு நேர் கீழே ஓதம் ஆரம்பித்திருந்தால் சந்தேகம் அங்கேதான் போகும். இன்னொன்று ஆசிட். சென்னைத் தண்ணீரின் உப்புக் கறைக்குப் பாத்ரூம் ஆசிட்டை மாதாமாதம் ஊற்றினால் டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்ட் கிரவுட்டைத் தின்றுவிடும், குழாயின் குரோம் பூச்சும் கருத்துப்போகும். இடுக்குகள் பள்ளமாகி மணல் மாதிரி உதிர்ந்தால் ஆசிட் வேலை என்று பார்த்ததுமே தெரியும்.

கிரானைட்: விரிசல் எங்கே? சிங்க் வெட்டிய இடத்தின் மூலையிலிருந்து முன் விளிம்பு வரை நேர்கோடாக ஓடினால் அது பொருத்தியவர் தப்பு. சிங்குக்கு முன்னால் கல் இரண்டு மூன்று அங்குலப் பட்டையாகத்தான் நிற்கும். அதற்கு அடியில் தாங்கல் கொடுக்காமல் விட்டால் சில வருடத்தில் தானாகவே பிளக்கும். அதுவே ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் மாதிரிக் கிளை விட்டிருந்தாலோ, விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தாலோ, மேலே கனமாக ஏதோ விழுந்திருக்கிறது. கல்லின் மேல் தேங்காய் உடைத்தார்கள், இஞ்சி தட்டினார்கள் என்றால் இப்படித்தான் ஆகும்.

வாஷ் பேசினும் அப்படியே. அடியில் வேஸ்ட் கப்ளிங் (தண்ணீர் வெளியேறும் இணைப்பு) போகும் ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தால், பிளம்பர் நட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார். மேல் விளிம்பில் சில்லு பெயர்ந்து அங்கிருந்து கிளம்பியிருந்தால் ஏதோ விழுந்தது. இது எதுவும் இல்லாமல் மேல்பூச்சில் மட்டும் சிலந்திவலை மாதிரி மெல்லிய கோடுகள் என்றால் வயசான பீங்கான், சேதமே இல்லை.

கீசரில் தண்ணீர் எங்கிருந்து சொட்டியது? அடியில் மூடித் தட்டின் ரப்பர் வளையமான ஃபிளாஞ்ச் கேஸ்கெட்டிலிருந்து என்றால் கேஸ்கெட் மாற்றினால் போதும். சேஃப்டி வால்வில் சொட்டினால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது அல்லது வால்வு போயிருக்கிறது, அதுவும் சின்ன வேலை. எலிமென்ட், தெர்மோஸ்டாட் போனாலும் அட்டவணைப்படி அது குடியிருப்பவர் ரிப்பேர்தான். ஆனால் உள் டேங்கே துருப்பிடித்து, உடலின் அடியில் பழுப்புத் தண்ணீர் வடிந்தால் ரிப்பேர் என்ற பேச்சுக்கே இடமில்லை, அதன் ஆயுள் முடிந்தது. உப்புத் தண்ணீரில் டேங்குக்குப் பதிலாகத் தான் கரைய வேண்டிய மெக்னீசியம் கம்பி ஒன்று உள்ளே இருக்கும். அது கரைந்து தீர்ந்தபின் மாற்றாவிட்டால் அடுத்தது டேங்க்தான் அரிக்கும். நீங்கள் வரும்போதே ஏழெட்டு வருடம் ஆன கீசருக்குப் புதிய விலையைக் கேட்பது நியாயமே இல்லை.

---

மாடிவீட்டார்

ஓனர் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டுமே. எல்லாவற்றையும் "தேய்மானம்" என்று தள்ளிவிட முடியாது.

ஒரே சுவரில் ஆணித் துளை இரண்டு மூன்று இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். டிவி மாட்ட எட்டு பிளக் அடித்து அப்படியே விட்டுப் போவதும், இரட்டைப் பக்க டேப்பில் கொக்கி ஒட்டி, பிடுங்கும்போது பட்டியோடு பெயிண்டைப் பெயர்த்துவிடுவதும் சேதம்தான். கிரையானும் அப்படியே. அதன் மேல் நேரடியாக எமல்ஷன் அடித்தால் மெழுகு ஒட்டவிடாது, சாயம் மேலே ஊறி வரும். முதலில் துடைத்தெடுத்து, தேய்த்து, பிரைமர் ஒரு கோட் போட்டுத்தான் இரண்டு கோட் பெயிண்ட் அடிக்க முடியும். கறை இருக்கும் இடத்தில் மட்டும் ஒட்டுப் போட்டால் நாலு வருடப் பழைய நிறத்தோடு சேராமல் திட்டாகத் தெரியும். அதனால் மூலைக்கு மூலை முழுச்சுவர் அடித்தாக வேண்டும். அந்த இரண்டு சுவருக்கும் நீங்கள் பொறுப்பு. வீடு முழுக்க என்று ஓனர் கேட்பதைத்தான் மறுக்கலாம்.

தரைக்கு ஓரடி உயரம்வரை பெயிண்ட் உப்பி உதிர்ந்திருந்தால் அது சுவரில் ஏறும் ஓதம், உங்களுடையது இல்லை. பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை பிடித்திருந்தால் வாதம் இழுக்கும். வெளிச்சுவர் என்றால் மழைநீர், உள்சுவர் என்றால் காற்றோட்டம் இல்லாமல் ஒட்டி வைத்தது.

பாத்ரூம் விஷயத்தில் ஒரு கேள்வி. முதல் தடவை ஈரம் எப்போது தெரிந்தது, முதல் செய்தி எப்போது போனது? நடுவில் ஆறு மாதம் இருந்தால், மூலப் பழுது ஓனருடையதானாலும் அந்த ஆறு மாதத்தில் கூடிய சேதத்துக்கு உங்களிடம் கேட்க அவருக்கு இடம் உண்டு.

கொசுவலையும் வாஷ் பேசினும் அட்டவணையிலேயே உங்கள் பக்கம்தான் இருக்கின்றன. அதில் சண்டை போட்டு நேரத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், விலையைப் பேசுங்கள்.

---

குரோம்பேட்டை வாசி

எல்லோருக்கும் நன்றி. ஈரம் தெரிந்த அதே வாரம் முதல் செய்தி போயிருக்கிறது, படத்தோடு. கிரானைட் விரிசல் சிங்க் மூலையிலிருந்து முன்பக்கம் வரை நேராக இருக்கிறது. பேசினில் மேல் விளிம்பில் சில்லு உண்டு, அது எங்களிடம் நடந்தது. கொசுவலை பழசாகிப் பல இடத்தில் கிழிந்தது. கீசர் அடியில் பழுப்புத் தண்ணீர்தான். பெயிண்டுக்கு எப்படித் தொகை போடுவது?

---

பத்திரக்காரர்

எந்தப் பொருளுக்கு எத்தனை வருட ஆயுள் என்ற தேய்மான அட்டவணை நம் வாடகைச் சட்டத்தில் கிடையாது. ஆனால் ஒப்பந்தச் சட்டம் 73-ஆம் பிரிவின்படி இழப்பீடு என்பது உண்மையான இழப்புக்குத்தான். நாலு வருடம் ஓடிய பெயிண்டுக்குப் புதிய பெயிண்டின் விலையைக் கொடுத்தால் ஓனருக்கு இழப்பு ஈடாவதோடு நிற்காமல் லாபமும் வருகிறது. அதனால் மீதி ஆயுளுக்கு மட்டும் கணக்குப் போடுவதுதான் பேச்சுக்கு ஏற்ற அடிப்படை.

உங்கள் கணக்கு இப்படி வரும். ஓனரின் 38,000 என்பது சுவரும் சீலிங்கும் சேர்ந்து சுமார் 2,000 சதுர அடி, அடிக்கு 19 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிறுக்கிய இரண்டு சுவர் 12-க்கு 10 என்றால் 240 சதுர அடி, அதாவது 4,560. உள்பக்க எமல்ஷனுக்கு ஐந்து வருடம், 60 மாதம் ஆயுள் என்று எடுத்தால் 50 மாதம் ஓடிவிட்டது. பாக்கி ஆறில் ஒரு பங்கு, 760 ரூபாய். கிரையானைத் துடைத்துத் தேய்க்கும் கூலிக்குத் தேய்மானம் கிடையாது, அது உங்களால் வந்த கூடுதல் வேலை. இரண்டும் சேர்த்து 2,000 கொடுக்க முன்வந்தால் தாராளம்.

பேசினுக்குக் கொஞ்சம் மாறும். பீங்கான் பதினைந்து இருபது வருடம் தாங்கும் பொருள், அதில் நாலு வருடத்தைக் கழித்தால் பெரிதாகக் குறையாது. ஆனால் கட்டடம் எப்போது கட்டியது என்று பாருங்கள். பேசின் அந்த வயசு. 4,500-இல் பழைய பேசினைக் கழற்றி மாட்டும் கூலி எவ்வளவு, பேசின் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். அதே மாதிரிப் பேசின் விலைதான் வர வேண்டும், அதைவிட உயர்ந்ததற்கு இல்லை. கொசுவலையின் ஃபிரேம் அப்படியே இருந்து வலை மட்டும் கிழிந்திருந்தால் வலைத்துணியும் ரப்பர் பீடிங்கும் மாற்றினால் போதும். 3,000 முழு ஃபிரேமுக்கா என்று கேளுங்கள்.

ஏசி ஓட்டைக்கு 1,500-ஐ அப்படியே ஒப்புக்கொள்ளுங்கள். நீங்கள் மாட்டியதைக் கழற்றிப் போகலாம், ஆனால் சுவரைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும்.

---

கொத்துவேலை

ஏசி ஓட்டையில் ஒரு சின்ன விஷயம். ஃபோம் அடித்து மேலே பட்டி பூசி அடைத்ததாகக் காட்டுவார்கள். 9 அங்குல வெளிச்சுவரில் அப்படிச் செய்தால் அடுத்த மழைக்கே உள்ளே ஓதம் வரும். செங்கல் துண்டும் சிமென்ட் கலவையும் இரண்டு பக்கமிருந்தும் திணித்து, நனைத்துக் காயவிட்டு, வெளியே பூச்சும் வெளிப்புறப் பெயிண்டும் போட வேண்டும். 1,500 வாங்கினால் இதற்குத்தான் வாங்க வேண்டும்.

கீசருக்கும் கிரானைட்டுக்கும் ஒரு ரூபாயும் தராதீர்கள். நான் பார்த்தவரையில் நீங்கள் சொன்ன அந்த விரிசலுக்கு அடியில் கை விட்டுப் பார்த்தால் தாங்கல் இருக்காது.

---

பத்திரக்காரர்

பதில் அனுப்பும் முறை: போனில் பேசாதீர்கள். மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ, எழுத்தில் போக வேண்டும். ஏழு தலைப்புக்கும் தனித்தனியாக ஒப்புக்கொள்ளும் தொகை, மறுக்கும் காரணம், அதற்கான படம். கூடவே ஒவ்வொன்றுக்கும் பில்லோ எழுத்து மூல கொட்டேஷனோ கேளுங்கள். பாத்ரூமுக்கு, மேலே சொன்ன தண்ணீர் கட்டும் சோதனையை இருவர் முன்னிலையிலும் செய்யலாம் என்று நீங்களே எழுதுங்கள். அதற்கு ஓனர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த மறுப்பே உங்களுக்கு உதவும்.

படங்களை எடுத்த போனிலேயே மூலக் கோப்பாக வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் எடுத்த நேரம் போன்ற விவரங்கள் அழிந்துவிடும். வழக்கு என்று வந்தால் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் தாக்கல் செய்ய வேண்டும்; முன்பு சாட்சியச் சட்டம் 65பி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவு.

ஒரு மாதம் முடிந்தும் மீதி வரவில்லை என்றால், பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனு கொடுக்கலாம். இந்தத் தொகைக்கு அதுதான் கட்டுப்படியாகும். சிவில் வழக்குக்கு மூன்று வருடம் காலவரம்பு இருக்கிறது, ஆனால் வக்கீல் செலவே பாதியைத் தின்னும்.

---

மாடிவீட்டார்

ஒன்று விட்டுப்போயிற்று. மின் கணக்கு. சாவி கொடுத்த அன்று மீட்டர் அளவைப் படம் எடுத்தீர்களா? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லில் உங்கள் நாட்களும் ஓனரின் பெயிண்டர் ஓட்டும் நாட்களும் கலந்துவிடும். எடுக்கவில்லை என்றால் இன்றே போய்ப் பார்த்து, ரீடிங்கை அதே செய்தியில் எழுதி அனுப்புங்கள். எத்தனை சாவி கொடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பூட்டு மாற்றினேன் என்று எட்டாவது தலைப்பு ஒன்று முளைக்கும்.